தொதல் டப்பாவை ஏன் திறக்கச் சொன்னார்கள்?

கீழக்கரையைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவருடைய வாப்பா 1976இல் பம்பாய் வழியாகத் துபாய்க்குப் போனவர். அன்று ஒரு போலீஸ்காரர் இடுப்பைத் தட்டிப் பார்த்ததோடு சரி, வேறு எதையும் யாரும் திறந்து பார்க்கவில்லை என்று இன்றும் சொல்வாராம். சென்ற மாதம் அதே வாப்பாவையும் உம்மாவையும் வழியனுப்பச் சென்ற தம்பி, விமான நிலைய வாசலிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறார். உள்ளே போனவர்களுக்கோ, கைப்பையிலிருந்த தொதல் (எங்கள் பக்கத்து இனிப்பு) டப்பாவைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. செக்-இன் செய்த பெட்டிக்குள் பவர் பேங்க் இருப்பதாகச் சொல்லிப் பெயர் கூப்பிட்டு அழைத்திருக்கிறார்கள். இதெல்லாம் எப்போது வந்தது, ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டா, அல்லது வெறும் கெடுபிடிதானா என்பது தம்பியின் கேள்வி.

நான் உச்சிப்புளிப் பக்கத்துக்காரன். 1981 முதல் ஓய்வு பெறும்வரை ஒரு விமான நிறுவனத்தின் தரைப்பணிப் பிரிவில், முதலில் மீனம்பாக்கத்திலும் பின்னர் திருச்சியிலும் வேலை பார்த்தேன். சோதிப்பவர்களின் பக்கத்தில் நின்று, சோதிக்கப்படுபவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்பதால், தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வாப்பா சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் பயணியின் மூட்டையைப் பிரிக்கும் வழக்கம் நம் கரைக்குப் புதிதன்று. 1964 டிசம்பர்ப் புயலுக்கு முன்பு தனுஷ்கோடியிலும், அதற்குப் பிறகு எண்பதுகளின் தொடக்கம்வரை ராமேஸ்வரத்திலும், தலைமன்னார்க் கப்பலில் ஏறவும் இறங்கவும் வந்தவர்களின் மூட்டைகளைச் சுங்க அதிகாரிகள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்கள். அதற்கும் முந்திய காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் தங்கவைத்து நோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அவர்கள் தேடியவை தங்கம், துணி, பணம், காலரா, அம்மை. ஏறுகிற பயணி தன்னையும் சேர்த்துக் கப்பலையே அழித்துவிடக்கூடும் என்ற அச்சம் அங்கே யாருக்கும் இருந்ததில்லை. நம் ஊரில் இன்றும் இரண்டையும் ‘செக்கிங்’ என்றே சொல்கிறோம். அதனால்தான் குழப்பம் வருகிறது. தங்கச் சங்கிலியைப் பற்றிக் கவலைப்படுபவர் இறங்கும் ஊரின் சுங்க அதிகாரி. ஏறும் இடத்தில் பையைப் பார்ப்பவருக்கு உங்கள் சங்கிலி எத்தனை பவுன் என்பது பொருட்டே அல்ல. கடத்தல் என்ற சொல்லே இதற்குச் சாட்சி. நம் கரையில் அது சரக்கைப் பற்றிய சொல்லாகத்தான் இருந்தது. விமானம் அந்தச் சொல்லுக்குள் வந்தது பின்னர்தான்.

அமெரிக்காவில் 1968 முதல் 1972 வரையிலான ஐந்தாண்டுகளில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட விமானக் கடத்தல்களும் கடத்தல் முயற்சிகளும் நடந்தன. பலவற்றில் விமானம் கியூபாவுக்குப் போயிற்று, பயணிகள் பத்திரமாகத் திரும்பினார்கள். எல்லோரையும் சோதித்தால் பயணிகள் வெறுத்துப்போவார்கள் என்று அஞ்சிய விமான நிறுவனங்கள், இதை ஒரு தொந்தரவாகக் கருதிச் சகித்துக்கொண்டிருந்தன. 1972 நவம்பரில் மூவர் ஒரு விமானத்தைக் கடத்தி, டென்னசி மாநிலத்திலுள்ள ஓக் ரிட்ஜ் அணு நிலையத்தின் மீது மோதிவிடுவோம் என்று மிரட்டிய பிறகே அந்தச் சகிப்பு முடிவுக்கு வந்தது. 1973 ஜனவரி 5 முதல் ஒவ்வொரு பயணியும் ஒவ்வொரு கைப்பையும் சோதிக்கப்பட வேண்டும் என்பது அங்கே கட்டாயமானது. மறு ஆண்டே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தன் உடன்படிக்கையில் பாதுகாப்புக்கென்று 17ஆம் இணைப்பைச் சேர்த்தது. இன்று உலகெங்கும் நடக்கும் சோதனைகளின் வேர் அதுதான்.

நம் நாட்டுக் கதை 1971 ஜனவரி 30 அன்று தொடங்குகிறது. ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் புறப்பட்ட ‘கங்கா’ என்ற ஃபோக்கர் விமானத்தை இரண்டு பேர் லாகூருக்குக் கொண்டுபோய், பயணிகளை விடுவித்தபின் தீக்கிரையாக்கினார்கள். அவர்கள் கையில் இருந்தவை பொம்மைத் துப்பாக்கியும் மரத்தால் செய்த கையெறி குண்டும்தான். அதற்குப் பதிலடியாகப் பாகிஸ்தான் விமானங்கள் நம் வான்வழியைப் பயன்படுத்த இந்தியா தடை விதித்தது. எனவே மேற்குப் பாகிஸ்தானிலிருந்து டாக்காவுக்குப் போகும் விமானங்கள், நம் தென்முனையைச் சுற்றிக் கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. வங்கப் போர் மூண்ட அந்த ஆண்டில் அந்தச் சுற்றுவழி அவர்களுக்கு எவ்வளவு பெரிய பாரமாயிற்று என்பது தனிக் கதை. 1976 செப்டம்பரில் இன்னொரு விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டது. அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட குழுவின் பரிந்துரைப்படி, 1978 ஜனவரியில் சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் ஒரு சிறு பிரிவாகத் தோன்றியது. அது தோன்றிய ஆண்டு முடிவதற்குள், டிசம்பர் 20 அன்று, சிறையிலிருந்த இந்திரா காந்தியை விடுவிக்கக் கோரி இரண்டு இளைஞர்கள் ஒரு விமானத்தை வாரணாசிக்குத் திருப்பினார்கள். இந்த முறை அவர்கள் கையில் இருந்தவை ஒரு பொம்மைத் துப்பாக்கியும் ஒரு கிரிக்கெட் பந்தும். பேரனுக்கு வாங்கிய பிளாஸ்டிக் துப்பாக்கியைக் கைப்பையில் கொண்டுபோகக் கூடாது என்று இன்றும் எடுத்துவைக்கும்போது, ‘பச்சைப்பிள்ளை சாமானைக்கூடவா’ என்று சண்டைக்கு வருகிறோம். பொம்மையை வைத்தே இரண்டு விமானங்களைத் திருப்பிய நாடு இது.

இந்தக் காலகட்டத்துச் சோதனைக்கு ஓர் அடிப்படை எண்ணம் இருந்தது: கடத்துபவன் உயிரோடு இறங்க விரும்புகிறான், அவனுக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது, ஆகவே மனிதனிடம் ஆயுதம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். பெட்டியைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. அந்த எண்ணம் தகர்ந்ததை நான் அருகிலிருந்தே பார்த்தேன்.

1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்தது. கொழும்பு செல்லும் விமானத்தில் ஏற்றுவதற்காகக் கொண்டுவரப்பட்ட பெட்டிகள், உரிய பயணி ஏறாத நிலையில் நிலையத்திலேயே தங்கிவிட்டன. உள்ளே இருந்த குண்டு அங்கேயே வெடித்தது. முப்பது பேர் அளவில் இறந்தார்கள். அவர்களில் பலர் இலங்கைப் பயணிகள். எனக்கு அன்று பகல் பணி, மாலையே அறைக்குத் திரும்பிவிட்டேன். மறுநாள் காலை பார்த்த அந்தக் கூடத்தை இங்கே வருணிக்க விரும்பவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் 23 அன்று, கனடாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ அயர்லாந்துக் கரைக்கு அப்பால் வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டார்கள். வான்கூவரில் ஒருவர் பெட்டியை மட்டும் ஒப்படைத்துவிட்டு விமானத்தில் ஏறாமல் போய்விட்டார். டொராண்டோவில் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த எக்ஸ்ரே இயந்திரம் பாதியில் பழுதாகி, மீதிப் பெட்டிகள் ஒரு கைக்கருவியால் மட்டும் பார்க்கப்பட்டன. அதே நாளில் ஜப்பானின் நரிட்டாவில், இன்னொரு ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றப்படவிருந்த பெட்டி வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். 1986 மே 3 அன்று கொழும்பு கட்டுநாயக்காவில் நின்றிருந்த ஏர் லங்கா விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே பான் ஆம் விமானம் வெடித்தபோது, விமானத்தில் இருந்தவர்களும் தரையில் இருந்தவர்களுமாக 270 பேர் மாண்டார்கள். அங்கும் உடன் வராத ஒரு பெட்டிதான் காரணம். குண்டு இருந்தது ஒரு ரேடியோ டேப் ரெக்கார்டருக்குள்.

ஆகவே ‘இவர் என்ன வைத்திருக்கிறார்’ என்ற பழைய கேள்வியோடு, ‘இந்தப் பெட்டிக்காரர் ஏறிவிட்டாரா’ என்ற புதிய கேள்வியும் சேர்ந்துகொண்டது. தொண்ணூறுகளில் பறந்த நம்மவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். விமானத்துக்குப் பக்கத்தில், வெயிலில், பெட்டிகளை வரிசையாகப் பரப்பி வைத்திருப்போம். பயணி ஒவ்வொருவரும் வந்து தன் பெட்டியைத் தொட்டுக் காட்ட வேண்டும். காட்டிய பெட்டி மட்டுமே மேலே ஏறும். கயிறு கட்டி, துணியில் பெயர் எழுதித் தைத்த பெட்டிகளுக்கு நடுவே, ‘என்னுடையது இதுவா அதுவா’ என்று நம் ஊர் மூதாட்டிகள் தடுமாறுவார்கள்; பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். பார்க்கக் கேலிக்கூத்தாக இருந்தாலும், செலவில்லாத, ஏமாற்ற முடியாத ஏற்பாடு அது. இன்று அதே வேலையைப் பெட்டியில் ஒட்டும் பட்டைக்கோட்டுச் (பார்கோடு) சீட்டு செய்கிறது. செக்-இன் செய்த ஒருவர் ஏறாவிட்டால் அவருடைய பெட்டியைத் தேடி இறக்கிவிட்டுத்தான் விமானம் கிளம்பும். அரை மணி நேரம் தாமதமாவதற்குப் பல நாள் அதுதான் காரணம்.

பவர் பேங்க் விஷயத்துக்கு வருகிறேன். ரேடியோவுக்குள் குண்டு வந்த காலத்தில், மின்கலம் என்றாலே சந்தேகம். வளைகுடாவிலிருந்து ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் செட்டைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தவர்களிடமும், கேமரா வைத்திருந்தவர்களிடமும், கைப்பையிலிருந்த பேட்டரிகளைக் கழற்றி வாங்கிவிடுவார்கள். வெடிக்கவைப்பதற்கு ஒரு மின்பொறி தேவை, அது பயணியின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது என்பது அன்றைய கணக்கு. லித்தியம் பேட்டரி வந்தபின் அந்தக் கணக்கு தலைகீழாயிற்று. அது குண்டே இல்லாமல், உள்ளே ஒரு சிறு கோளாறு ஏற்பட்டாலே தானாகத் தீப்பற்றும். சரக்குப் பகுதியில் பற்றினால் அணைக்க ஆளில்லை; இருக்கைக்கு மேலே பற்றினால் பணிப்பெண் தண்ணீர் ஊற்றியாவது சமாளிப்பார். எனவே அன்று கைப்பையில் கூடாது என்று பிடுங்கப்பட்டது, இன்று கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்று பெட்டியிலிருந்து எடுக்கப்படுகிறது. வழக்கமான அனுமதி 100 வாட்-மணி வரை. கடைகளில் சொல்லும் கணக்கில் ஏறத்தாழ 27,000 எம்.ஏ.எச். வாப்பாவுக்கு இதை விளக்கினால், தன் டிரான்சிஸ்டர் பேட்டரி போன இடம் எது என்று கேட்பார்.

தொதலுக்கு வேறு காரணம். எக்ஸ்ரே இயந்திரத்தின் திரையில் பொருள்கள் தம் சொந்த நிறத்தில் தெரிவதில்லை. இரண்டு வேறு ஆற்றல் அளவுகளில் கதிரைச் செலுத்தி, பொருள் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்து இயந்திரமே நிறம் பூசும். இரும்பு போன்ற உலோகங்கள் நீலம். கண்ணாடி, உப்பு முதலிய இடைப்பட்டவை பச்சை. உணவு, துணி, தோல், பிளாஸ்டிக், காகிதம் எல்லாம் ஆரஞ்சு. வெடிமருந்தும் அதே ஆரஞ்சுதான். துணி அடுக்கு மெல்லிய ஆரஞ்சாக, சுருக்கம் சுருக்கமாகத் தெரியும். பார்ப்பவர் ஒரு நொடியில் கடந்துவிடுவார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மாவும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டி இறுக்கிய தொதல், காற்றிடைவெளியே இல்லாத, ஒரே சீரான, அடர்ந்த ஆரஞ்சுக் கட்டி. பேரீச்சம்பழப் பொதியும், அல்வாவும், கருப்பட்டி வட்டும், பாலாடைக்கட்டியும் அப்படித்தான். அதைச் சுற்றித் தகர டப்பாவின் நீலக் கோடு. அதன்மேல் சுருட்டி வைத்த சார்ஜர் வயர். இப்போது அந்தப் படத்தை நீங்களே கற்பனை செய்து பாருங்கள். திறந்து பார்க்காமல் விட்டால்தான் அவர் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள்.

திரைக்கு முன் இருப்பவருக்கும் சோதனை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. உண்மையான பையின் படத்துக்குள் இயந்திரமே அவ்வப்போது ஒரு துப்பாக்கியின் அல்லது குண்டின் பொய்ப்படத்தைச் செருகிவிடும். அவர் அதைக் கண்டுபிடிக்கிறாரா என்பது பதிவாகும். தொடர்ந்து பார்த்தால் கண் பழகிப்போய் எதுவும் உறைக்காது என்பதால், இருபது நிமிடம் அளவில் ஆளை மாற்றுவார்கள். புதிதாக வரும் சி.டி. வகை இயந்திரங்கள், மருத்துவமனை ஸ்கேன் போலப் பையை எல்லாத் திசையிலிருந்தும் சுற்றிப் பார்த்து அடர்த்தியையும் கணக்கிடுவதால், லேப்டாப்பை வெளியே எடுக்கும் தொல்லை குறையும். தொதலுக்கு அவை என்ன சொல்லும் என்று நான் பரிசோதித்ததில்லை.

தேங்காயைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொப்பரை எண்ணெய்ப்பசை மிகுந்தது, தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடியது என்ற வகைப்பாட்டில் இருப்பதால் அதைப் பெட்டியிலும் ஏற்றமாட்டார்கள். கைப்பையில் முழுத் தேங்காய்க்கும் தடை இருந்தது. 2024 அக்டோபரில், சபரிமலை செல்வோர் இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோக அந்தப் பருவத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள்.

1999 டிசம்பர் 24 அன்று காட்மாண்டுவில் கிளம்பிய விமானம் கந்தகாருக்குக் கடத்தப்பட்டது, நம் விமான நிலையங்களின் நிர்வாகத்தையே மாற்றியது. அதுவரை அந்தந்த மாநிலக் காவல்துறையினர்தான் சோதித்தார்கள். இன்று திருவிழாப் பந்தோபஸ்து, நாளை விமான நிலையம் என்று மாற்றலாகி வரும் காவலர்கள் தொழிலைக் கற்றுக்கொள்வதற்குள் போய்விடுவார்கள். 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, ஒவ்வொரு நிலையமாக மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை பொறுப்பேற்றது. முரட்டுத்தனம் என்று அவர்களைக் குறை சொல்பவர்கள் உண்டு. இரண்டு காலத்தையும் பார்த்தவன் என்ற முறையில், வித்தியாசம் பெரிது என்றே சொல்வேன்.

2001 செப்டம்பர் 11 பற்றி எல்லோருக்கும் தெரியும், அதிகம் சொல்லத் தேவையில்லை. அதுவரை அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த கத்தியை விமானத்துக்குள் எடுத்துச் செல்லலாம். நம்மூர்ப் பெரியம்மாக்கள் சுருக்குப்பையில் வைத்திருந்த பாக்குவெட்டியைக் கண்டும் காணாமல் விட்டதை நானே பார்த்திருக்கிறேன். பைலட் அறையைப் பார்க்கக் குழந்தைகளை அழைத்துப்போகும் வழக்கமும் அதோடு நின்றது. என் கணிப்பில், அதற்குப் பின் வந்த மாற்றங்களில் உண்மையாகவே பயன் தந்தது, உள்ளிருந்து பூட்டப்படும் அந்த உறுதியான பைலட் அறைக் கதவுதான். அதே ஆண்டு டிசம்பரில் ஒருவன் காலணிக்குள் வெடிமருந்தோடு ஏறினான். உலகம் காலணியைக் கழற்றியது. 2006 ஆகஸ்டில், பானப் பாட்டில்களில் திரவ வெடிமருந்து கொண்டுபோகும் திட்டம் லண்டனில் பிடிபட்டது. 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்றானது. ஊறுகாய், நெய், தேன் எல்லாம் அந்த வலையில் விழுந்தன. ஹஜ் முடித்து ஜம்ஜம் தண்ணீர்க் கேனைக் கையிலேயே தூக்கி வந்தவர்கள், அதன்பின் ஐந்து லிட்டர் புட்டியாகப் பொதிந்து சரக்கில் போட வேண்டியதாயிற்று. 2009 கிறிஸ்துமஸ் நாளில் ஒருவன் உள்ளாடைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். உடல் ஸ்கேனர் வந்தது.

வந்த விதி எளிதில் போவதில்லை. காலணியைக் கழற்றச் சொல்லும் வழக்கத்தை அமெரிக்கா கைவிட 2025 ஜூலை வரை ஆயிற்று. கைப்பைச் சீட்டில் முத்திரை குத்தும் நம் வழக்கத்தை 2017 ஏப்ரலில்தான் சில பெரிய நிலையங்களில் முதலில் நிறுத்தினார்கள். முத்திரை விழாத சீட்டோடு வாயில்வரை வந்து, திரும்ப ஓடிய பயணிகள் எத்தனை பேர்! ஒரு விதியை எடுத்துவிட்டு மறுநாள் ஏதாவது நடந்தால் கையெழுத்திட்டவர் பதில் சொல்ல வேண்டும் என்பதால், பேனாவை யாரும் எடுப்பதில்லை.

ஆள் யார் என்பது கணக்கில் வருமா என்றும் கேட்கலாம். ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம், முன்னாள் குடியரசுத் தலைவர் என்ற முறையில் நம் நாட்டு விதிப்படி சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவர். ஆனால் 2009 ஏப்ரலில் டெல்லியிலேயே ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தின் ஊழியர்கள், தங்கள் நாட்டு விதியைச் சொல்லி அவரைச் சோதித்தார்கள். ஜூலையில் செய்தி வெளிவந்து நாடாளுமன்றம் கொந்தளித்தது; நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில், அவர் இருக்கையில் அமர்ந்தபின் உள்ளே வந்து மேலங்கியையும் காலணியையும் வாங்கிச் சோதித்தார்கள். இரண்டு முறையும் கோபப்பட்டது நாம்தான்; அவர் பெரிதுபடுத்தவில்லை. இப்போது இந்தியாவில் 2022 டிசம்பர் முதல் டிஜியாத்ரா என்ற பெயரில் முகத்தையே அடையாளச் சீட்டாக்கும் முறை வந்திருக்கிறது. வாசலில் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்ப்பது நம் நாட்டில் இன்னும் தொடர்வதால்தான் தம்பி வெளியே நிற்க நேர்ந்தது. பல நாடுகளில் வழியனுப்ப வருபவர் கூடம்வரை தாராளமாகப் போகலாம். இது தேவையா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. வாசலில் சேரும் கூட்டமும் ஓர் இலக்குதானே?

அடுத்த முறைக்கு இவற்றைச் செய்யுங்கள், தம்பி. தொதலைச் செக்-இன் பெட்டியில் வையுங்கள். தகர டப்பா வேண்டாம், வாழையிலையோ பிளாஸ்டிக் டப்பாவோ போதும். கைப்பையில்தான் வேண்டுமென்றால் மேலாக வைத்து, தட்டில் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். வயர்களை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். பவர் பேங்க்கைப் பெட்டியில் போடாமல் வாப்பாவைக் கையோடு எடுத்துப்போய், சோதனையில் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். உம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை நடந்திருந்தால், மெட்டல் டிடெக்டரில் நுழையும் முன்பே பெண் காவலரிடம் சொல்லிவிடட்டும். திரை மறைவில்தான் சோதிப்பார்கள். சுருக்குப்பையில் பாக்குவெட்டி இருக்கிறதா என்பதை மட்டும் கீழக்கரையில் வண்டி ஏறும்போதே நீங்களே கைவிட்டுப் பார்த்துவிடுங்கள். கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள்.